படப்பெட்டி யார் கையில்: அமெரிக்காவின் வெள்ளையரல்லாதார் சுயாதீனத் திரைப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கறுப்பின மக்களும் வெள்ளையரல்லாத பிறரும் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே நின்று, தங்கள் மக்களுக்காகத் தாங்களே எடுத்துக்கொண்ட திரைப்படங்களுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்தப் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கும் தமிழ் வாசகர்களிடம் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அழகியல் பற்றிய பேச்சு இதில் குறைவாகவும், பணம், பிரதி, திரையரங்கு, உரிமை ஆகியவை பற்றிய பேச்சு கூடுதலாகவும் இருக்கும். இந்தப் படங்களில் எது பிழைத்தது, எது அழிந்தது என்பதை அவைதாம் தீர்மானித்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'நிறத்தவர்' என்று யாரைச் சொல்கிறார்கள்? ஓர் இயக்குநரைத் தோலின் நிறத்தை வைத்து அடையாளப்படுத்துவது முறையா?

கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், ஆசிய வழியினர், பூர்வகுடிகள் என வெள்ளையரல்லாத எல்லோரையும் சேர்த்துக் குறிக்க இன்றைய அமெரிக்க வழக்கில் இந்தச் சொல் ('பீப்பிள் ஆஃப் கலர்') பயன்படுகிறது. கறுப்பினத்தவரைத் தனிக் குழாயில் தண்ணீர் குடிக்க வைத்த காலத்துப் பலகைகளில் இருந்த 'கலர்ட்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பிறர் சூட்டிய பெயர். இது, ஒதுக்கப்பட்ட பல மக்கள் ஒன்றாக நிற்பதற்காகத் தாங்களே ஏற்றுக்கொண்ட பெயர்.

முறையா என்று கேட்டால், நிறத்தை முதலில் கணக்கில் எடுத்தவர்கள் அந்த இயக்குநர்கள் அல்லர் என்பதே என் விடை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பார்வையாளர்கள் மாடியில் தனியே உட்கார வைக்கப்பட்டார்கள்; பல அரங்குகளில் நள்ளிரவுக்குப் பிறகு நடந்த தனிக்காட்சிக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட பார்வையாளர்களுக்குப் படம் காட்ட வந்தவர்கள் நிறத்தைப் பேசாமல் எதைப் பேசியிருக்க முடியும்?

சுயாதீனப் படம் என்றால் குறைந்த செலவில் எடுத்த படம்தானே?

நம் ஊரில் இந்தச் சொல் பெரும்பாலும் அப்படித்தான் புரிந்துகொள்ளப்படுகிறது: நட்சத்திரம் இல்லாத, பாட்டு இல்லாத, விழாவுக்கு மட்டும் போகும் சிறிய படம். இந்த வரலாற்றில் செலவு இரண்டாம்பட்சம். இறுதித் தொகுப்பை முடிவு செய்தவர் யார், நெகட்டிவ் யார் பெயரில் இருந்தது, படப்பெட்டி எந்த ஊருக்கு, எந்த அரங்குக்குப் போனது என்பவையே முதன்மையான கேள்விகள்.

ஓர் உதாரணம் போதும். கறுப்பின இரத்தக்காட்டேரிப் படம் ஒன்று நன்றாக ஓடியதைப் பார்த்த ஒரு நிறுவனம், அதே வகையில் இன்னொன்று வேண்டும் என்று பில் கன் என்ற நாடகாசிரியரை அணுகியது. அவர் எடுத்துக் கொடுத்த 'கஞ்சா அண்ட் ஹெஸ்' (1973), மதம், அடிமைத்தனத்தின் நினைவு, தீராத தாகம் ஆகியவற்றைப் பற்றிய மெதுவான, விசித்திரமான, மிக அழகான படம். அது பிரான்சின் கான் திரைப்பட விழாவில், விமர்சகர் வாரம் என்ற பிரிவில் திரையிடப்பட்டது. ஆனால் படத்தின் மீது அவருக்கு உரிமை இல்லாததால், அது வேறொரு விநியோக நிறுவனத்தின் கைக்குப் போய், வெட்டி மாற்றப்பட்டு, வேறு பெயரில் மலிவான பேய்ப்படமாக வெளிவந்தது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஒரு முழுப் பிரதி இருந்ததால் மட்டுமே பில் கன் எடுத்த படம் எது என்று இன்று நமக்குத் தெரிகிறது. படத்தை எடுப்பதற்கான சுதந்திரம் அவருக்கு இருந்தது. எடுத்து முடித்த படத்தின் மீது இல்லை.

இது எப்போது தொடங்கியது?

சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் என்ற கறுப்பினத்தவர் 1910களின் தொடக்கத்திலேயே நகைச்சுவைக் குறும்படங்கள் எடுத்தார். ஆனால் ஒரு துறையாக இது உருவெடுக்கத் தூண்டுதலாக இருந்தது 1915இல் வந்த 'த பர்த் ஆஃப் எ நேஷன்'. டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய அந்தப் படம் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கூட்டத்தை மீட்பர்களாகவும், கறுப்பின ஆண்களை வெறியர்களாகவும் காட்டியது. நாடு முழுவதும் பெரு வசூல் பெற்றது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராகத் தடை கோரிப் போராடியது. தடை கேட்பதோடு நின்றுவிடாமல் நாமும் படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களும் இருந்தார்கள்.

அவர்களில் நோபிள் ஜான்சன், ஜார்ஜ் ஜான்சன் என்ற சகோதரர்கள் 1916இல் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார்கள். அண்ணன் யுனிவர்சல் ஸ்டூடியோவில் நடிகர். அங்கே சம்பாதித்ததைத் தங்கள் கம்பெனியில் போட்டார். தம்பி நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் அஞ்சல் துறை ஊழியர். வேலை முடிந்த நேரத்தில் கடிதம் எழுதியே படங்களுக்கு அரங்குகள் பிடித்தார். கம்பெனி சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஆனால் ஜார்ஜ் ஜான்சன் கறுப்பினத் திரைப்படங்கள் பற்றிய செய்தித்தாள் துணுக்குகளையும் கடிதங்களையும் விளம்பரத் தாள்களையும் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் சேர்த்துவைத்தார். அந்தச் சேகரிப்பு இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. படங்களே அழிந்துபோன ஒரு காலத்தின் வரலாற்றை ஆய்வாளர்கள் எழுத முடிந்ததற்கு அவருடைய பொறுமை ஒரு பெரிய காரணம். திரையில் அவர் பெயர் வந்ததைவிட இதுவே பெரிய பங்களிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்கர் மிஷோ என்ற பெயரை எல்லோரும் குறிப்பிடுகிறார்களே, அவர் என்ன செய்தார்? பணத்துக்கு எங்கே போனார்?

1884இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த மிஷோ, ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளராக வேலை பார்த்தார். பிறகு தெற்கு டக்கோட்டாவில் வெள்ளையர் நடுவே தனியாக நிலம் வாங்கி உழுதார். அந்த வாழ்க்கையை நாவல்களாக எழுதி, தானே அச்சிட்டு, வீடு வீடாகச் சென்று விற்றார். அவருடைய நாவல் ஒன்றைப் படமாக்க லிங்கன் கம்பெனி உரிமை கேட்டபோது, படப்பிடிப்பில் தானும் இருந்து மேற்பார்வையிட வேண்டும் என்று மிஷோ நிபந்தனை வைத்தார். பேச்சு முறிந்தது. அதன் பிறகு தானே ஒரு கம்பெனி தொடங்கி, 1919இல் அந்தக் கதையை முழுநீளப் படமாக வெளியிட்டார். முப்பது ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்.

பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். முதல் படத்துக்குப் பங்குகளை விற்றார்; தான் உழுத பகுதியின் வெள்ளை விவசாயிகளும் வாங்கினார்கள். பிறகு வந்த படங்களுக்கு, நடிகர்களின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், கறுப்பினப் பார்வையாளர்களுக்கான அரங்குகளின் மேலாளர்களைச் சந்தித்து, இன்னும் எடுக்கப்படாத படத்துக்கு முன்பணம் வாங்கினார். முடிந்த படத்தின் பெட்டியும் அதே பயணத்தில் கூடவே வந்தது. ஓர் ஊரில் காட்டி முடித்ததும் அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார். புத்தகம் விற்ற கால்கள் படம் விற்கவும் பழகியிருந்தன. இந்தச் சிக்கனம் படங்களில் தெரியும்: இரவல் வீடுகளில் படப்பிடிப்பு, ஒரே முறை எடுத்த காட்சிகள், விட்டுப்போன இணைப்புகள். நேர்த்தி இல்லை என்று அவரைக் குறை சொன்ன விமர்சகர்கள் அவர் காலத்திலும் உண்டு, பிறகும் உண்டு. அந்தக் குறையை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்கள் சொன்னதை அன்று வேறு எவரும் திரையில் சொல்லவில்லை.

'வித்தின் அவர் கேட்ஸ்' (1920) அதற்குச் சான்று. கறுப்பினக் குடும்பம் ஒன்றை வெள்ளையர் கும்பல் கொலை செய்வதை அது நேரடியாகக் காட்டியது. 1919 கோடையில் சிகாகோவில் இனக்கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், மீண்டும் கலவரம் மூளும் என்ற அச்சத்தில் அந்நகரத் தணிக்கை வாரியம் முதலில் அனுமதி மறுத்தது. அனுமதி கிடைத்த பிறகும் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாக வெட்டப்பட்டதால், இரண்டு ஊர்களில் பார்த்தவர்கள் ஒரே படத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

1928இல் மிஷோ திவாலானார். பேசும் படக் காலத்தில், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் வெள்ளை அரங்க உரிமையாளர்களின் பணத்தோடுதான் அவரால் தொடர முடிந்தது.

அந்தக் காலத்துப் படங்கள் இப்போது எங்கே?

1915 முதல் 1950 வரை கறுப்பினப் பார்வையாளர்களுக்காக எடுக்கப்பட்ட படங்கள் சுமார் 500 என்று கணக்கிடுகிறார்கள். எஞ்சியவை நூறுகூட இல்லை. மிஷோவின் மௌனப் படங்களில் பிழைத்தவை மூன்றே. 'வித்தின் அவர் கேட்ஸ்' பல பத்தாண்டுகள் தொலைந்த படமாகவே கருதப்பட்டு, பிறகு ஸ்பெயின் நாட்டுத் திரைப்படக் காப்பகத்தில் வேறொரு பெயரில் கண்டெடுக்கப்பட்டது. இன்னொன்று பெல்ஜியத்தில் கிடைத்தது. டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1983இல் ஒரு கிடங்கைத் திறந்தபோது, ஸ்பென்சர் வில்லியம்ஸ் இயக்கிய 'த பிளட் ஆஃப் ஜீசஸ்' (1941) உள்ளிட்ட படங்களின் பிரதிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. 1991இல் அந்தப் படம், காக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

பிழைத்தவை சிறந்த படங்கள் என்பதால் பிழைக்கவில்லை. எங்கோ ஒரு பெட்டியை யாரோ எறியாமல் விட்டதால் பிழைத்தன. பிரதிகள் ஐந்தோ பத்தோதான் போடப்பட்டன; அவையும் ஓடி ஓடித் தேய்ந்தன. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், தானாகவே மட்கும்; கம்பெனி மூடியதும் கிடங்கு வாடகை கட்ட ஆள் இல்லை. தமிழின் தொடக்ககாலப் பேசும் படங்களில் பெரும்பாலானவற்றைப் பாட்டுப் புத்தகங்கள் வழியாக மட்டுமே அறிந்திருக்கும் நமக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் அந்தத் துறை நின்றுபோனது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாலிவுட் கறுப்பின நடிகர்களுக்குச் சற்று மேம்பட்ட வேடங்களைத் தரத் தொடங்கியது; தனி அரங்குகளின் தேவை மெல்லக் குறைந்தது; தொலைக்காட்சியும் வந்தது. பார்வையாளர்கள் பெரிய படங்களுக்கு நகர்ந்ததும் சிறிய கம்பெனிகள் தாங்கவில்லை. மிஷோவின் கடைசிப் படம் 1948இல் தோல்வியடைந்தது; 1951இல் அவர் இறந்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இயக்கம் புறப்பட்டதாகச் சொல்கிறார்களே?

லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் பகுதியில் 1965 ஆகஸ்டில் பெரும் எழுச்சி வெடித்தது. அதன் பின்விளைவாகவும் மாணவர் போராட்டங்களாலும், அந்நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறை வெள்ளையரல்லாத மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. எலிசியோ டெய்லர் என்ற கறுப்பினப் பேராசிரியரின் முயற்சியில் அங்கே ஒரு தனிப் பயிற்சித் திட்டம் அமைந்தது: கேமராவை எடுத்துக்கொண்டு உன் தெருவுக்குப் போ, உன் மக்களைப் படமெடு என்பதே அதன் உள்ளடக்கம். சார்லஸ் பர்னெட், எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஹைலே கெரிமா, ஜூலி டேஷ், பில்லி வுட்பெரி, லாரி கிளார்க், பென் கால்டுவெல், அலீல் ஷரோன் லார்கின் எனப் பலர் 1960களின் இறுதியிலிருந்து அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கிருந்து வந்தார்கள். இவர்களுக்கு 'எல்.ஏ. ரெபெலியன்' (லாஸ் ஏஞ்சலிஸ் கிளர்ச்சி) என்ற பெயரைப் பின்னாளில் வைத்தவர் அறிஞர் கிளைட் டெய்லர்.

அவர்கள் ஒருவர் படத்தில் இன்னொருவர் ஒளிப்பதிவாளர், மற்றொருவர் தொகுப்பாளர், வேறொருவர் நடிகர். வுட்பெரியின் 'பிளஸ் தெயர் லிட்டில் ஹார்ட்ஸ்' படத்துக்குக் கதை எழுதி ஒளிப்பதிவும் செய்தவர் பர்னெட். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, கியூபா, இத்தாலி ஆகிய இடங்களிலிருந்து வந்த படங்களைச் சேர்ந்து பார்த்து, விடியும்வரை விவாதித்த ஒரு கூட்டம் அது. ஹாலிவுட் ஒரு சில மைல் தொலைவில் இருந்தது. அங்கே வேலை தேடிப் போவதை அவர்களில் பலர் குறிக்கோளாகக் கொள்ளவே இல்லை.

'கில்லர் ஆஃப் ஷீப்' 1977இல் முடிந்த படம் என்கிறார்கள். 2007இல்தான் திரையரங்குக்கு வந்தது ஏன்?

பாட்டுக்கு உரிமை வாங்காததால்.

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன். படம் எடுக்கக் கனவு காணும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. சார்லஸ் பர்னெட் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். ஆட்டுத்தொட்டியில் வேலை செய்து, உறக்கம் இழந்து, குடும்பத்தோடும் தன்னோடும் ஒட்ட முடியாமல் தவிக்கும் ஒரு தொழிலாளியின் அன்றாடத்தைப் பெரும்பாலும் வார இறுதிகளில், 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, தொகுப்பு எல்லாம் அவரே. தெருவில் விளையாடிய பிள்ளைகள் நடித்தார்கள். செலவு 10,000 டாலருக்கும் குறைவு. முதுகலைப் பட்டத்துக்கான படைப்பாக அதைச் சமர்ப்பித்தார்.

படத்தில் டைனா வாஷிங்டன், பால் ராப்சன் முதலியோரின் பாடல்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன. அவை காட்சிக்குப் பின்னால் ஒட்டவைத்த இசை அல்ல. கறுப்பின மக்களின் இசை வரலாறு முழுவதையும் ஒரு வீட்டின் கதைக்குள் கொண்டுவருவதற்காகத் தேர்ந்தவை. வகுப்பில் காட்டும் படத்துக்கு உரிமை தேவைப்படவில்லை. திரையரங்கில் வெளியிடத் தேவைப்பட்டது. அந்தத் தொகை படத்தின் செலவைப் போலப் பல மடங்கு. ஆகவே 1981இல் பெர்லின் விழாவில் விமர்சகர் பரிசு பெற்று, 1990இல் தேசியப் பதிவேட்டிலும் இடம்பெற்ற ஒரு படம், விழாக்களிலும் நூலகங்களிலும் தேய்ந்த 16 மி.மீ. பிரதிகளாக மட்டுமே உலவியது. பல்கலைக்கழகக் காப்பகம் அதைச் சீரமைத்து 35 மி.மீ.க்கு மாற்றியது, மைல்ஸ்டோன் என்ற சிறிய விநியோக நிறுவனம் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்கின் உதவியோடு சுமார் 1,50,000 டாலர் செலவிட்டுப் பாடல் உரிமைகளைப் பெற்று, 2007இல் வெளியிட்டது. அப்போதும் ஒரு பாடலுக்கு உரிமை கிடைக்காமல், இறுதிக் காட்சியில் வேறு பாடல் வைக்க நேர்ந்தது.

முப்பது ஆண்டுகள் என்பது ஓர் இயக்குநரின் உழைக்கும் காலம் முழுவதும். படம் உரிய காலத்தில் ஓடியிருந்தால் பர்னெட் இன்னும் எத்தனை படங்கள் எடுத்திருப்பார் என்று எண்ணும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அவருடைய அடுத்த படமான 'மை பிரதர்ஸ் வெட்டிங்' (1983), அவர் தொகுப்பை முடிக்கும் முன்பே தயாரிப்புத் தரப்பால் விழாவுக்கு அனுப்பப்பட்டு, சாதகமில்லாத விமர்சனம் பெற்று முடங்கியது. அதையும் 2007இல்தான் அவர் விரும்பிய வடிவில் தொகுக்க முடிந்தது. குறும்படம் எடுக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பின்னணியில் வானொலியில் ஒலிக்கும் பாட்டானாலும், படப்பிடிப்புக்கு முன்பே அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஹாலிவுட் பின்னர் கறுப்பின இயக்குநர்களை ஏற்றுக்கொண்டதே, அதற்குச் சுயாதீனப் படங்கள் காரணமா?

பெருமளவுக்குக் காரணம். மெல்வின் வான் பீபிள்ஸ் 1971இல் சுமார் 5,00,000 டாலரில், 19 நாட்களில் எடுத்த 'ஸ்வீட் ஸ்வீட்பேக்' படத்தை முதலில் திரையிட முன்வந்தவை டெட்ராய்ட், அட்லாண்டா நகரங்களில் இரண்டே அரங்குகள். படத்தின் பாடல் தொகுப்பை முன்கூட்டி வெளியிட்டு விளம்பரம் தேடினார். வெள்ளையர் மட்டுமே கொண்ட குழு தந்த வயதுவந்தோர் சான்றிதழையே விளம்பர வாசகமாக மாற்றினார். படம் பெரும் வசூல் பெற்றது. கறுப்பினப் பார்வையாளர்களிடம் பணம் இருக்கிறது என்று அதன்பின் உணர்ந்த ஸ்டூடியோக்கள், அதே அச்சில் வன்முறைப் படங்களை வரிசையாக எடுத்தன. அவற்றின் லாபம் கறுப்பின மக்களிடம் திரும்பவில்லை. பெண்களை அந்தப் படம் நடத்திய விதம் எனக்கு ஏற்புடையதல்ல, ஆனால் அதை விற்ற முறையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஸ்பைக் லீ 1986இல் 12 நாட்களில், சுமார் 1,75,000 டாலரில் தன் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். பிறகு ஸ்டூடியோவோடு சேர்ந்து கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் வாழ்க்கையை எடுத்தபோது, செலவு மீறியதால் முடிப்புப் பணிகள் நிறுத்தப்பட்டன. ஓப்ரா வின்ஃப்ரி, மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், பிரின்ஸ், ஜேனட் ஜாக்சன் முதலியோர் கடனாகவோ முதலீடாகவோ கருதாமல், கொடையாகவே கொடுத்த பணத்தால் அந்தப் படம் அவர் விரும்பிய நீளத்தில் 1992இல் வெளிவந்தது. மிஷோ பங்கு விற்ற காலத்திலிருந்து எழுபது ஆண்டுகள் கடந்தும், இக்கட்டில் கைகொடுத்தவர்கள் தம் சொந்த மக்களே.

பெண் இயக்குநர்கள் எங்கே?

இருந்தார்கள், அவர்களுடைய பெட்டிகள்தாம் திறக்கப்படவில்லை. சார்ல்ஸ்டன் நகர மருத்துவமனைகளில் 1969இல் கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை மேடலின் ஆண்டர்சன் மறுஆண்டே ஆவணப்படமாக்கினார். கேத்லீன் காலின்ஸ் நியூயார்க்கில் திரைப்படப் பேராசிரியராக இருந்தவர். தத்துவம் கற்பிக்கும் ஒரு பெண்ணையும் ஓவியரான அவள் கணவனையும் பற்றி அவர் 1982இல் எடுத்த 'லூசிங் கிரவுண்ட்' அரங்குகளில் வெளியிடப்படவே இல்லை. அதில் கணவனாக நடித்தவர் மேலே சொன்ன பில் கன். வறுமையோ குற்றமோ இல்லாமல், சிந்திக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் மனத்தை மட்டும் காட்டிய படத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று விநியோகஸ்தர்களுக்குத் தெரியவில்லை. காலின்ஸ் 1988இல், 46ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். மகள் நினா, தாய் விட்டுச்சென்ற பெட்டிகளைப் பிறகு திறந்து, நெகட்டிவைத் தேடி எடுத்துச் சீரமைக்க ஏற்பாடு செய்தார். 2015இல் அரங்குக்கு வந்தபோது, விமர்சகர்கள் அதைப் புதிய படத்தை வரவேற்பது போல வரவேற்றார்கள்.

ஜூலி டேஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' (1991), அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான, கறுப்பினப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம். தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளில் வாழும், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த குல்லா மக்களின் ஒரு குடும்பம், 1902இல் தீவை விட்டு வடக்கே புறப்படும் நாளைப் பற்றியது. பொதுத் தொலைக்காட்சியின் நாடகப் பிரிவு தந்த சுமார் 8,00,000 டாலரில் எடுக்கப்பட்டது. பாத்திரங்கள் குல்லா வழக்கிலேயே பேசுகிறார்கள். கதை ஒருவர் சொல்ல இன்னொருவர் தொடர்வது போல, ஊர்க் கிழவிகளின் சொல்முறையில் வளைந்து வளைந்து போகிறது. நெல்லை, கரிசல் வழக்குகளில் எழுதப்பட்ட கதைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இராது. படம் கூட்டம் சேர்த்தது, பரிசும் பெற்றது. இருந்தும் டேஷுக்கு அடுத்த திரையரங்குப் படம் வாய்க்கவில்லை. தொலைக்காட்சிப் படங்களே கிடைத்தன. முதல் படம் எடுப்பதைவிட இரண்டாவது படம் எடுப்பது கடினம் என்று இத்துறையினர் சொல்வதற்கு இதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியாது.

சுருளுக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வண்ணச் சுருள்களும் அவற்றைக் கழுவும் ஆய்வகங்களும் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோலையே அளவுகோலாகக் கொண்டிருந்தன. நிறம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி. கருத்த முகங்கள் விவரம் இழந்து நிழலாகிப்போனால் அது ஒளிப்பதிவாளரின் பிழை என்று சொல்லப்பட்டது. 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' படத்தின் ஒளிப்பதிவாளர் ஆர்தர் ஜாஃபா, கருத்த தோலின் பல சாயல்களையும் காட்டும் விதத்தில் சுருளையும் வெளிச்சத்தையும் தேர்ந்தார். அமெரிக்கச் சுயாதீனப் படங்களுக்கான சன்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரே சட்டகத்தில் எத்தனை வகைக் கருப்பு இருக்கிறது என்று அந்தப் படத்தில் நிறுத்திப் பாருங்கள்.

விநியோகஸ்தர் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்தார்கள்?

தாங்களே விநியோகஸ்தர் ஆனார்கள். ஹைலே கெரிமாவின் 'சங்கோஃபா' (1993), இன்றைய கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமைத் தோட்டக் காலத்துக்குத் திரும்பிப்போகும் கதை. பெர்லின் விழாப் போட்டியில் இடம்பெற்றும் அமெரிக்காவில் அதை வாங்க ஆளில்லை. கெரிமாவும் அவர் துணைவியாரான ஷிரிக்கியானா ஐனாவும் வாஷிங்டனில் ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்தார்கள். தேவாலயங்கள், கறுப்பினப் புத்தகக் கடைகள், உள்ளூர் வானொலி வழியாகச் சொல் பரவி வாரக்கணக்கில் படம் ஓடியது. அங்கே வந்த பணத்தை வைத்து அடுத்த நகரில் அரங்கு; அங்கே உள்ளூர்க் குழு ஒன்று பொறுப்பேற்கும்; இப்படி நகர் நகராகச் சென்றது. வருமானத்தின் ஒரு பகுதியில், வாஷிங்டனில் உள்ள கறுப்பினத்தவரின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் அருகே ஒரு புத்தகக் கடையும் படக் கடையும் திறந்தார்கள். படத்தின் பெயரே கடையின் பெயர்.

ஏவா டுவெர்னே திரைப்பட விளம்பரத் துறையில் பணியாற்றியவர் என்பதால், படம் மக்களிடம் சேரும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. சொந்தச் சேமிப்பில் சுமார் 50,000 டாலருக்கு எடுத்த முதல் கதைப்படத்தை வெளியிட, வெவ்வேறு நகரங்களின் கறுப்பினத் திரைப்பட விழாக்களை ஒரே விநியோக வலையாகக் கோத்தார். விழா நடத்துபவர்களிடம் ஊர்ப் பார்வையாளர்களின் பட்டியல் இருந்தது. அரங்குகளை நிரப்பும் பழக்கமும் இருந்தது. 2011 மார்ச்சில் ஐந்து நகரங்களில் ஒரே நாளில் படம் வெளியானது. அந்த அமைப்பு பின்னர் 'அரே' என்று பெயர் மாறி, பிறருடைய படங்களையும் வெளியிட்டுவருகிறது; சீரமைக்கப்பட்ட 'சங்கோஃபா'வை 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் கொண்டுவந்ததும் அதுதான்.

கறுப்பினத்தவர் தவிர மற்றவர்கள்?

எல்லோரையும் சேர்த்து நிறுத்திய அமைப்புகளில் மூத்தது நியூயார்க்கின் தேர்டு வேர்ல்டு நியூஸ்ரீல். 1967இல் வெள்ளை மாணவர் போராளிகள் பெரும்பான்மையாக இருந்த ஒரு செய்திப்படக் குழுவாகத் தொடங்கி, 1970களில் கிறிஸ்டின் சாய், சூசன் ராப்சன் முதலியோரால் வெள்ளையரல்லாதவர்களின் அமைப்பாக மாறியது. எளிய மக்களுக்குக் கேமரா கற்றுக்கொடுப்பதையும், அவர்கள் எடுத்த படங்களைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வாடகைக்கு விடுவதையும் ஒரே இடத்தில் செய்தது. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆசிய வழியினர் விஷுவல் கம்யூனிகேஷன்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் மேலே சொன்ன அதே பல்கலைக்கழகப் பயிற்சித் திட்டத்தின் மாணவர்கள். வேய்ன் வாங், சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் சுமார் 22,000 டாலரில் எடுத்த 'சான் இஸ் மிஸ்ஸிங்' (1982) அரங்குகளில் நன்றாக ஓடியது.

பிரிட்டனில் பாதை வேறு. 1980களில் சேனல் ஃபோர் தொலைக்காட்சி, படக் கூட்டுக்குழுக்களுக்குத் தொடர்ந்து சம்பளமும் கருவிகளும் தந்தது. ஜான் அகோம்ஃப்ரா இருந்த பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ், ஐசக் ஜூலியன் இருந்த சங்கோஃபா குழு ஆகியவை அப்படி வளர்ந்தவை. ஒரு படத்துக்கான பணத்தைவிட மாதச் சம்பளம் கலைஞர்களுக்கு எவ்வளவு துணிவைத் தரும் என்பதை அவர்களுடைய படங்களில் காணலாம்.

இதில் தமிழர்களுக்கு இடம் உண்டா?

மேற்கு நாடுகளில் வாழும் ஈழத்தமிழர்கள் இந்த வகைக்குள்ளேயே வருகிறார்கள். டொராண்டோவில் லெனின் எம். சிவம் இயக்கிய '1999', 'எ கன் அண்ட் எ ரிங்' ஆகியவை அங்குள்ள தமிழ்ச் சமூகத்துக்குள்ளிருந்து, அங்குள்ள நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டவை. தமிழ்நாட்டின் வணிகப் படங்களே நிறைக்கும் வெளிநாட்டுத் தமிழ்த் திரைகளில் இத்தகைய படங்களுக்கு ஒரு வார இறுதிக் காட்சி கிடைப்பதே கடினம் என்பதால், அவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கெரிமா செய்ததைப் போல ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் அரங்கை வாடகைக்கு எடுக்கும் வழி அவர்களுக்கும் உண்டு.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'கில்லர் ஆஃப் ஷீப்' படத்திலிருந்து. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கதையைப் பின்தொடர வேண்டிய நெருக்கடி இல்லை. பிள்ளைகள் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் தாவும் காட்சியிலேயே அது எத்தகைய படம் என்று தெரிந்துவிடும். அடுத்து 'லூசிங் கிரவுண்ட்', பிறகு 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்'. மிஷோவை அவற்றுக்குப் பின் பார்ப்பது நல்லது. கரடுமுரடான படத்தொகுப்புக்கு அப்போது கண் பழகியிருக்கும். அவருடைய மௌனப் படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் மங்கிய பிரதிகளைத் தவிர்த்து, 2016இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிச் சீரமைக்கப்பட்ட தொகுப்பில் உள்ள பிரதிகளைத் தேடுங்கள்.

'வித்தின் அவர் கேட்ஸ்' பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்பெயினில் கிடைத்த பிரதியில் எழுத்து அட்டைகள் ஸ்பானிய மொழியில் இருந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தினர் அவற்றை, மிஷோவின் நாவல்களில் உள்ள நடையைப் பின்பற்றி, மீண்டும் ஆங்கிலமாக்கினார்கள். திரையில் நாம் இன்று படிக்கும் வரிகள் பெரும்பாலும் அப்படி மீட்கப்பட்டவையே. 1920இல் சிகாகோவின் பார்வையாளர்கள் படித்த அட்டைகளில் நான்கு மட்டுமே ஆங்கிலத்தில் எஞ்சின.